ஆக்கர் கடையில் பழைய சவரக்கத்தி: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய மடக்குச் சவரக்கத்திகள் இன்னும் கிடைக்கின்றன. ஓட்டு வீட்டைப் பிரித்து மரத்தையும் பித்தளையையும் விற்கும்போது, மச்சில் கிடந்த தகரப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்று வரும். சலூன் நடத்திய பெரியவர் காலமான பிறகு, அவருடைய அடைப்பத்தோடு (சவரச் சாமான் வைக்கும் பை) வீட்டார் எடைக்குப் போட்டது ஆக்கர் கடை, அதாவது பழைய சாமான் கடை, மூலையில் கிடக்கும். சிலோன், மலேயா என்று போய் வந்தவர்கள் வாங்கி வந்தவை உண்டு. பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் கொண்டு வந்தவையும் உண்டு. 1990களில் எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு பரவியபோது, ஆளுக்கு ஒரு புது பிளேடு மாட்டும் கத்திக்குச் சலூன்கள் மாறின. மாற வேண்டிய மாற்றம்தான் அது. ஆனால் அதோடு நல்ல நிலையில் இருந்த பழைய கத்திகளும் வேலை இழந்து பெட்டிக்குள் போயின. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் கைத்தேர்ச்சி உள்ளவர்கள் ஒவ்வொன்றாக அரைத்துச் செய்த கத்திகள், கிலோ கணக்கில் இரும்பாக உருகப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. தெரிந்தவர்கள் நாலு பேர் கூடினால் அவற்றில் கொஞ்சமாவது தப்பும்.

புதிதாக வருகிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் போதும்: முதலில் இரும்பைப் பாருங்கள், பெயரை அப்புறம் பாருங்கள். பிடியோடு ஆணியால் கோத்த தண்டில் சோலிங்கன் என்று கண்டதும் பணத்தை எடுத்து நீட்டுகிறவர்கள் நிறையப் பேர். விரிசல் விட்ட கத்தி எந்த ஊரில் செய்ததாக இருந்தாலும் அதை வைத்துச் சவரம் செய்ய முடியாது. பெயர் தேய்ந்து போயும் இரும்பு கெடாமல் இருக்கும் கத்தி, ஒழுங்காகத் தீட்டினால் உங்கள் பேரன் காலம் வரை உழைக்கும்.

கையில் எடுக்கும் முன்

ஆக்கர் கடைக்குப் போகும்போது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று, மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு ஸ்கேல் ஒன்று, கத்தியைச் சுற்றி எடுத்துவரத் தடித்த அட்டை ஒரு துண்டு, இவ்வளவும் பையில் இருக்கட்டும். வெளிச்சத்துக்கு போன் டார்ச் போதும்.

கத்தியைத் திறக்கும்போது வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்புப் பக்கம், விரல் போகக் கூடாது. ஒரு கையில் பிடியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால், ஆணிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை மெதுவாக அழுத்தினால் அலகு மேலே எழும்பும். வாலே இல்லாத மிகப் பழைய கத்தியாக இருந்தால் தண்டின் இரு பக்கத்தையும் பிடித்துத் திறக்க வேண்டும். ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தால் அங்கேயே பலம் கொடுக்காதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு நாள் கழித்துத் திறக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் கொண்டு நன்றாகக் கழுவி, துடைத்து, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். ஹெப்படைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த பரப்பில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். மச்சில் பல வருடம் கிடந்ததைவிட, போன வாரம் வரை யாரோ பயன்படுத்திய கத்தியில்தான் கவனம் அதிகம் வேண்டும். பிளீச்சிங் திரவத்தில் ஊறப்போட்டால் எஃகில் குழி விழும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கொம்புப் பிடி கோணிப்போகும். டெட்டானஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டு இந்த வேலையில் இறங்குங்கள்.

பேச்சுக்கு வசதியாகச் சில பெயர்கள்: வெட்டும் விளிம்பு வாய். அதற்கு எதிரே தடித்த பகுதி முதுகு. அலகு முடியும் இடம் முனை. தண்டை ஒட்டி வாய் தொடங்கும் இடம் குதிகால். பிடியோடு ஆணியால் கோத்திருக்கும் பகுதி தண்டு. கம்பெனிப் பெயர் இருப்பது அதில்தான். ஆணிக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வால்.

இரும்பைப் பார்ப்பது

விரிசலில் ஆரம்பியுங்கள். தண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அலகின் பக்கவாட்டில் நகத்தால் லேசாகச் சுண்டுங்கள். நல்ல கத்தி, குறிப்பாக மெல்லியதாகக் குழித்து அரைத்தது, மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். தடித்த ஆப்பு வடிவக் கத்தியில் இந்தச் சோதனை அவ்வளவு எடுபடாது. அதற்கு டார்ச்சைச் சாய்வாக அடித்து, வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல ஏறும் கோடு இருக்கிறதா என்று லென்ஸில் தேட வேண்டும். குதிகால் பக்கமும், வாய் ஏற்கெனவே உடைந்திருக்கும் இடங்களும் விரிசலுக்குப் பிடித்த இடங்கள். விரிசலுக்கு வைத்தியம் இல்லை. எவ்வளவு அழகான கத்தியாக இருந்தாலும் அதைப் பயன்பாட்டுக்கு என்று விலை மதிக்காதீர்கள்.

அடுத்தது துரு. நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. அதோடு கடலின் உப்புக்காற்று. இங்கே கிடைக்கும் கத்தியில் துருவே இல்லை என்றால் அதுதான் ஆச்சரியம். சிவப்பாகப் பொடியாக உதிரும் துரு மேலோட்டமானது, எண்ணெயும் பொறுமையும் இருந்தால் போகும். கருநிறமாகப் படிந்திருப்பது எஃகு வயதாகும்போது தானாக வரும் நிறம்; அதை எடுக்கவே வேண்டாம். பயப்பட வேண்டியது குழி விழுந்த துருவுக்கு. குழி முதுகுப் பக்கமோ அலகின் நடுவிலோ இருந்தால் பார்வைக்குத்தான் குறை. வாயை ஒட்டி இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால், தீட்டத் தீட்டக் குழி வாய்க்கு வந்து சேரும், அந்த இடத்தில் வாய் பொடிந்து விழும். பிடியின் இரண்டு பக்கத்துக்கும் இடையே, ஆணியைச் சுற்றி ஒளிந்திருக்கும் துருவையும் பாருங்கள். கத்தியைப் பாதி திறந்து டார்ச்சை உள்ளே அடித்தால் தெரியும். குமரிக் கத்திகள் அதிகம் சாவது அந்த இடத்தில்தான், ஏனென்றால் துடைக்கும் துணி அங்கே போவதில்லை.

பிறகு வாயின் வடிவம். கத்தியை ஒரு தட்டையான கண்ணாடியின் மேல் நிறுத்தி வாயைப் பாருங்கள். நேராக இருக்கலாம், நடுவில் லேசாக வெளியே புடைத்தும் இருக்கலாம், பழைய ஷெஃபீல்டு கத்திகளில் அந்தப் புடைப்பு வேண்டுமென்றே வைத்தது. நடுவில் உள்ளே குழிந்திருந்தால், யாரோ நடுப்பகுதியை மட்டும் அழுத்தித் தீட்டியிருக்கிறார் என்று பொருள். அதைச் சரிசெய்ய இரண்டு ஓரத்திலும் எஃகை இழக்க வேண்டும்.

முதுகை எல்லாரும் மறந்துவிடுவார்கள். சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிய வேண்டும், கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் தடிமன்தான். பெரும்பாலான கத்திகளில் அந்தக் கோணம் 16 முதல் 18 டிகிரி. முதுகுத் தடிமனைப் போல மூன்றரை மடங்கு அகலம் இருந்தால் சரியாக அமையும். முதுகு அகலமாகத் தட்டையாகத் தேய்ந்து போயிருந்தால் கோணம் குறைந்து, வாய் மெலிந்து, கூர்மை நிற்காது. ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அலகு திருகியிருக்கலாம்.

அகலத்தை எட்டில் ஒரு அங்குலக் கணக்கில்தான் சொல்வார்கள்: 5/8 என்றால் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர், 6/8 என்றால் 19, 7/8 என்றால் 22. இந்தக் கணக்கு விலைக்கு ஏன் முக்கியம் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டு கத்தி, இரண்டிலும் வாயில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு உடைசல். ஒன்று 7/8 அகலம். உடைசலை எடுத்த பிறகும் 20 மில்லிமீட்டர் மிஞ்சும், இன்னும் பெரிய கத்திதான். மற்றது 5/8, முதுகு நாலரை மில்லிமீட்டர்; எடுத்த பிறகு 14தான் மிஞ்சும், கோணமும் 16 டிகிரியிலிருந்து 18ஐத் தாண்டிவிடும். குறை ஒன்றே, ஆனால் முதலாவதை வாங்கலாம், இரண்டாவதை விட்டுவிடலாம்.

கடைசியாக நிறம். அலகில் வைக்கோல் நிறமோ நீல நிறமோ பட்டைபட்டையாகத் தெரிந்தால், மோட்டார் சாணையில் வைத்து அரைத்துச் சூடாக்கியிருக்கிறார்கள். 200 டிகிரியைத் தாண்டும்போதே எஃகின் இறுக்கம் தளரத் தொடங்கும். நீலம் வரும் அளவுக்குச் சூடேறினால் அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும், கூர்மை தங்காது. அரிவாளுக்கும் கத்தரிக்கும் சாணை பிடிக்கும் தொழிலாளி தன் வேலையில் கெட்டிக்காரராக இருப்பார். ஆனால் சவரக்கத்தியை எந்த மோட்டார் சக்கரத்திலும் கொடுக்க வேண்டாம்.

தண்டில் உள்ள எழுத்து

இரும்பு தேறிய பிறகு எழுத்தைப் படிக்கலாம். தண்டின் இரு பக்கமும் எண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து வரும். காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதும் நல்ல வழி.

நமக்கு அதிகம் வருபவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும். ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக்கு அடையாளம் நட்சத்திரமும் மால்டா சிலுவையும். வேட் அண்ட் புட்சர் கத்தியில் அம்பும் மால்டா சிலுவையும் இருக்கும். சிலுவை இரண்டு பேருக்கும் பொது என்பதால் பக்கத்தில் இருப்பது நட்சத்திரமா அம்பா என்று பாருங்கள். ஐ, எக்ஸ், எல் என்ற மூன்று எழுத்து ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் கம்பெனியுடையது. கண் படம் என்றால் டெய்லர்.

சோலிங்கனில் இரட்டையர் உருவம் ஹென்கெல்ஸ். அந்தக் குறி 1731லேயே பதிவானது. மரம் போட்டிருந்தால் போக்கர், 1869இல் தொடங்கியது. பூமா, டோவோ, பிஸ்மார்க் என்ற பெயர்களும் வரும். டோவோ 1906இல் தொடங்கியதால் அதற்கு முந்தைய வயதை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அபூர்வமாக ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா என்ற ஊர்ப்பெயர் தென்படும். ஹெல்யேஸ்ட்ராண்ட் கம்பெனியின் எம்.கே. என்று எழுத்திட்ட கத்தியோ, சுறா உருவம் பொறித்த எரிக் ஆன்டன் பெர்க் கத்தியோ கிடைத்தால் சந்தோஷப்படலாம். ஸ்வீடன் எஃகு நெடுநாள் கூர்மை பிடிக்கும், சேகரிப்பவர்களும் விரும்பித் தேடுகிறார்கள். பிரான்ஸின் தியேர் நகரத்துக் கத்தியும் தரமானது.

வயதைக் கண்டுபிடிக்க எழுத்து நல்ல துணை. அரச எழுத்துகள் கிரீடத்தோடு இருந்தால்: டபிள்யூ.ஆர். என்றால் நாலாம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. வி.ஆர். விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. ஜி.ஆர். மட்டும் குழப்பும்; 1830க்கு முன்பும் ஜார்ஜ் மன்னர்கள், 1910 முதல் 1952 வரையும் ஜார்ஜ் மன்னர்கள். அப்போது கத்தியின் உருவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாட்டின் பெயரையும் கவனியுங்கள். பிரிட்டன் 1887இலும், இந்தியா 1889இலும், அமெரிக்கா 1890இலும் சரக்குக் குறி பற்றிய சட்டங்கள் போட்டன. அதன் பிறகுதான் இங்கிலாந்து, ஜெர்மனி என்று நாட்டின் பெயரைப் பொறிப்பது வழக்கமாகியது. ஆகவே நாட்டின் பெயர் தெளிவாக இருக்கும் கத்தி பெரும்பாலும் 1890க்குப் பிந்தையது. ஊரின் பெயர் மட்டும் இருந்து நாட்டின் பெயர் இல்லையென்றால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிடக் கூடாது. மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஸ்டெயின்லெஸ் என்ற சொல் இருந்தால் 1913க்கு முன் போகாது, அந்த வகை எஃகு ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கையில் உருவானது அந்த ஆண்டில்தான். சோலிங்கன் என்ற பெயருக்கு 1938இல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள்.

ஒன்றும் எழுதாத கத்தியைத் தூக்கி எறியாதீர்கள். கொல்லர் பட்டறையில் அடித்த, சுத்தியல் தடம் தெரியும் குட்டையான நாட்டுக் கத்தியாக இருக்கலாம். சோலிங்கன் விலைப்பட்டியலில் அதற்கு இடம் கிடையாது. ஆனால் நம் ஊர்த் தொழிலின் சாட்சி அது, நான் அதைச் சுத்தம்கூடச் செய்யாமல் அப்படியே வைத்துக்கொள்வேன்.

உருவம் சொல்லும் வயது

பதினெட்டாம் நூற்றாண்டுக் கத்திக்கு வால் இருக்காது, இருந்தாலும் மொட்டையாக நிற்கும். அலகின் குறுக்குவெட்டு ஆப்பு போல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால் நீண்டு வளைந்தது, அலகும் அகலமானது, நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு பக்கமும் குழித்து அரைக்கும் முறை பரவியது. வாய் ஓரத்தை நகத்தின் மேல் படுக்கையாக மெல்ல வைத்தால் வளைந்து கொடுக்கும் அளவுக்கு மெலிந்த கத்தி என்றால் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று பொதுவாக நினைக்கலாம். ஆப்பு வடிவம் பழையது என்பதால் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். புதிதாகச் சவரம் பழகுகிறவருக்கு 5/8 அல்லது 6/8 அகலத்தில், உருண்ட முனையுள்ள குழித்த கத்திதான் நல்லது. கூரான சதுர முனை காதோரத்தைக் கிழித்துவிடும்.

அலகின் பக்கத்தில் அமிலத்தால் பொறித்த படமோ எழுத்தோ தங்க மெருகோடு இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். பாலிஷ் துணி ஒருமுறை அழுத்திப் போனாலே அழிந்துவிடும், மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வாரநாள்களின் பெயர் ஒவ்வொன்றாகப் பொறித்த ஏழு கத்திப் பெட்டிகளும் அந்தக் காலத்தில் உண்டு. ஏழும் ஒரே கம்பெனியாக, பெட்டியோடு இருந்தால் தனித்தனியாக விற்பது பாவம்.

பிடி, அதோடு சட்டம்

பிடி எதில் செய்தது என்பதை அறிவது விலைக்கு மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்புக்கும் வேண்டும். எருமைக்கொம்பு அதிகம் வரும். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் கொஞ்சம் ஒளி விடும், நார் போன்ற ஓட்டம் தெரியும், பூச்சி அரித்த துளைகளும் இருக்கும். செல்லுலாய்டு 1870க்குப் பிறகு வந்தது, பேக்கலைட் 1907க்குப் பிறகு. இந்தக் கணக்கில் பிடியும் வயதைச் சொல்லும், பிடியை இடையில் மாற்றாமல் இருந்தால். ஆணிகளின் தலையும் வாஷரும் ஒரே சீராக, பழமை ஏறி இருந்தால் மாற்றவில்லை என்று நம்பலாம். ஸ்குரூவும் நட்டும் போட்டிருந்தால் மாற்றியது.

வெள்ளைப் பிடியைப் பார்த்ததும் நிதானியுங்கள். லென்ஸில் கறுப்புப் புள்ளிகளும் நுண்ணிய கீறல்களும் தெரிந்தால் எலும்பு. ஒரே இடைவெளியில் நேர்க்கோடுகள் ஓடினால் தந்தம் போலச் செய்த செல்லுலாய்டு. வலை போல ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரிந்தால் தந்தமாக இருக்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் 1986, 1991 திருத்தங்களும் தந்த வியாபாரத்தை இந்தியாவில் முழுக்கத் தடை செய்கின்றன. தாத்தா காலத்துப் பொருள் என்ற சமாதானம் எடுபடாது. வாங்காதீர்கள், விற்காதீர்கள், வீட்டிலேயே இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். அழுங்காமை ஓட்டில் செய்த பிடிக்கும் இதே தடைதான். ஆமையோடு போல மஞ்சளும் பழுப்புமாகத் தெரிவதில் பெரும்பாலானவை செல்லுலாய்டு என்பதால், பார்த்தவுடன் பதற வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கச் சுட்ட ஊசியால் குத்தும் பழைய சோதனையை மட்டும் செய்துவிடாதீர்கள், செல்லுலாய்டு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

செல்லுலாய்டுக்கு இன்னொரு நோயும் உண்டு. பழசாகிச் சிதையும்போது அது அமில வாயுவை விடும். அந்தப் பிடிக்குள் மடங்கியிருக்கும் அலகு, மற்றப் பகுதி பளபளப்பாக இருக்கும்போதே பிடி மூடும் இடத்தில் மட்டும் கொடூரமாகத் துருப்பிடித்திருக்கும். கற்பூரமோ புளித்த வாடையோ தூக்கலாக வந்து, பிடியில் நுண்விரிசல் வலை தெரிந்தால், அந்தக் கத்தியை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். கூட இருப்பவற்றையும் கெடுத்துவிடும்.

விலை

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. விற்று முடிந்த விலைகளை மட்டும் தேடிப் பாருங்கள். அதிலும் தீட்டிச் சவரத்துக்குத் தயாராக உள்ள கத்தியின் விலையையும், தீட்டாத கத்தியின் விலையையும் கலக்கக் கூடாது. தீட்டக் கல் வேண்டும்: ஆயிரம், நாலாயிரம், எட்டாயிரம் என்று நுண்மை எண் ஏறும் மூன்று கல்லாவது. அதற்குப் பிறகு, வாயைத் தேய்த்துப் பதமாக்கும் தோல்வார். கல் உங்களிடம் இல்லையென்றால், தீட்டுகிறவருக்குக் கொடுக்கும் கூலியையும் தபால் செலவையும் கத்தியின் விலையிலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன், இது என் சட்டைப்பைக்கான கணக்குதான். பெயர் தெரியாத, ஆனால் விரிசலும் வாய்க்குழியும் இல்லாத கத்திக்கு 300 முதல் 500 ரூபாய் வரை யோசிக்காமல் கொடுப்பேன். தெரிந்த ஷெஃபீல்டு, சோலிங்கன் பெயரோடு, முதுகு தேயாமல், மாற்றாத பிடியோடு இருந்தால் 1,500 வரை போவேன். பொறித்த படம், ஸ்வீடன் பெயர், பழைய ஆப்பு வடிவம், சொந்தப் பெட்டி என்று ஏதாவது சேர்ந்தால் அதற்கு மேலும் பேசலாம். வாயில் குழி இருந்தால் பெயர் எதுவானாலும் பாதிக்குக் கீழே. விரிசல் இருந்தால் பிடியின் விலை மட்டும், அதுவும் பிடி நன்றாக இருந்தால்.

அடைப்பத்தோடு கிடைத்தால் கத்தியை மட்டும் பொறுக்காதீர்கள். உள்ளே நகம் வெட்டும் உளி, குறும்பி எடுக்கும் கரண்டி, பித்தளைக் கிண்ணி, தீட்டுக்கல் எல்லாம் இருக்கும். அந்தக் கல்லை நன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் வெண்ணெய் மஞ்சளும் மறுபக்கம் கருநீலமோ ஊதாவோ ஆக இரண்டு அடுக்காக இருந்தால் அது பெல்ஜியத்திலிருந்து வந்த இயற்கைக் கல்லாக இருக்கலாம். பல கத்திகளைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஆக்கர் கடையில் அதை வெறும் கல் என்று வெளியே வீசிவிடுவார்கள்.

ஆக்கர் கடைக்காரரிடம் பேரம் பேசலாம், அவருக்கு அது தொழில். கத்தியை வைத்துப் பிழைத்த குடும்பத்திடம் நேரடியாக வாங்கும்போது முறை வேறு. வடசேரிப் பக்கமோ தக்கலைப் பக்கமோ பழைய சலூன்காரர் ஒருவர் "இது எங்க அப்பாவுக்க கத்தி மக்ளே" என்று எடுத்துக் காட்டினால், அதன் உண்மையான மதிப்பு என்ன என்று முதலில் அவருக்குச் சொல்லுங்கள். "பாட்டா, இது ஷெஃபீல்டுல செஞ்சது, இதுக்கு வெளியில இவ்வளவு கிடைக்கும், எனக்குத் தர மனசிருந்தா தாங்க" என்று கேட்கலாம். தெரியாதவரிடம் ஐம்பது ரூபாய்க்கு வாங்கி ஐயாயிரத்துக்கு விற்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் தர மறுத்தால் துருப்பிடிக்காமல் வைக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கொடுத்தால், யாருடைய கத்தி, எந்த ஊரில் சலூன், எந்தக் காலம் வரை பயன்படுத்தினார் என்று கேட்டு எழுதி, அந்தத் தாளைக் கத்தியோடு வையுங்கள். சலூனில் கத்தியோடு எடுத்த பழைய போட்டோ இருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளலாம். வாங்கப் போகிறவருக்கு இவை கத்தியின் மதிப்பைக் கூட்டும். நம் மாவட்டத்தின் சலூன்களைப் பற்றி எழுத்தில் இருப்பது குறைவு என்பதால் விற்காவிட்டாலும் அந்தத் தாள் பயன்படும்.

வீட்டில் வைப்பது

நம் வீடுகளில் கைக்கெட்டுவது தேங்காய் எண்ணெய். கத்திக்கு அது வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடித்துக் கெட்டியாகும். தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய் போதும். அலகு முழுக்க மெல்லிய பூச்சாகவும், ஆணியில் ஒரு சொட்டாகவும் விடுங்கள். தோல் உறையிலும் பழைய அட்டைப் பெட்டியிலும் ஈரம் தங்கும், ஆகவே பெட்டியைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்தால் நல்லது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, துடைத்து, மறுபடி எண்ணெய் தடவுங்கள்.

துரு எடுக்க மிக நைசான எஃகு நாரும் எண்ணெயும் வைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கி மட்டும் தேயுங்கள், எதிர்ப்பக்கமாக ஒருபோதும் வேண்டாம். விற்கும் எண்ணம் இருந்தால் இதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள். பளபளவென்று பாலிஷ் போட்ட பழைய கத்தியைச் சேகரிப்பவர் தள்ளி வைப்பார், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் ஒன்று. நூறு வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள பொருள்களை நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை வைத்திருக்கிறது. அனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டு, தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். உள்நாட்டிலேயே எடுத்துக்கொண்டு போனாலும், திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுவதாக இருந்தால் கத்தி கைப்பையில் இருக்கக் கூடாது. அட்டையில் சுற்றி, சரக்கோடு போகும் பெட்டியின் நடுவில் வையுங்கள்.